செலோவில் பட்டப்படிப்பு: வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம்தானா?

செராஸ் அப்பா | திங்கள், இரவு 10:42

வணக்கம். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பத்து வயதில் பள்ளித் தோழியைப் பார்த்து, பெரிய வயலின் மாதிரி இருக்கும் அந்தச் செலோ வேண்டும் என்றாள், வாங்கிக் கொடுத்தோம். ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு தேறிவிட்டாள். இப்போது ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் தேர்வு முடிந்த கையோடு இசையில்தான் பட்டம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதுவும் இசை ஆசிரியர் படிப்பு இல்லை, பெர்பார்மன்ஸ், அதாவது மேடையில் வாசிப்பதற்கான படிப்பு.

நான் கணக்கு வேலை பார்க்கிறவன். பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முக்கியப் பாடம் என்று போட்டிருப்பது ஆசிரியரோடு தனி வகுப்பு, வாரத்துக்கு ஒரு மணி நேரம். செமஸ்டருக்கு 14 வாரம், எட்டு செமஸ்டர். மொத்தம் 112 மணி நேரம். நாள் கணக்கில் பார்த்தால் முழுதாக ஐந்து நாள்கூட வரவில்லை. இதை வெளியிலேயே ஓர் ஆசிரியரிடம் காசு கொடுத்துப் படித்துக்கொண்டு, பட்டத்தை வேறு துறையில் வாங்கினால் என்ன?

நாதஸ்வரக்காரருக்காவது தை மாசி முகூர்த்தம் இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது என்று என் மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாம் தந்தி | திங்கள், இரவு 11:58

ஐயா, கணக்கு சரி. ஆனால் பேரேட்டில் ஒரு பக்கத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தினமும் நாலு மணி நேர சாதகம் இருக்கிறது. வாரம் ஆறு நாள் என்று வைத்தால் எட்டு செமஸ்டருக்கு 2,688 மணி நேரம். விடுமுறையைச் சேர்க்கவே இல்லை. ஆசிரியரின் ஒரு மணி நேரம், மீதி இருபத்து நாலு மணி நேரமும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதற்கு.

நான் செலோவில் பட்டம் வாங்கி, இப்போது பெட்டாலிங் ஜெயாவில் சொல்லிக்கொடுக்கிறேன். என் கதையைச் சொல்கிறேன். முதல் செமஸ்டர், மூன்றாவது வாரம். ஆர்கெஸ்ட்ராவோடு தனி செலோ வாசிக்கும் ஹைடனின் சி மேஜர் கன்செர்ட்டோவை வாசித்து அசத்திவிட வேண்டும் என்று போனேன். ஆசிரியர் ஏழெட்டு பார், அதாவது ஏழெட்டுத் தாளக் கட்டம், கேட்டார். கையைத் தூக்கி நிறுத்தினார். "இடது கட்டைவிரலை எடுத்துவிட்டு வாசி" என்றார்.

செலோவின் கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரலை முட்டுக் கொடுத்து, முன்னால் நாலு விரலை வைத்து, இடுக்கியால் பாத்திரம் பிடிப்பது போல எட்டு வருஷமாக வாசித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே தெரியாது. கட்டைவிரலை எடுத்ததும் ஒரு சுரம்கூட நிற்கவில்லை. தந்தியை அழுத்தக் கூடாது, தோளிலிருந்து கையின் எடையை விரல் வழியாகத் தந்தியில் தொங்கவிட வேண்டும் என்றார். சொல்லும்போது ஒரு வரி. எனக்குப் பிடிபட ஏழு வாரம் ஆனது. அதுவரை கன்செர்ட்டோ புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "இந்தக் கன்செர்ட்டோ 1961-ல் பிராகில் கண்டெடுக்கும் வரை யாரும் சீந்தாமல் கிடந்தது. இன்னும் ஏழு வாரம் கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது" என்று சிரித்தார்.

எட்டாம் கிரேடு வாங்கிய யாருக்குமே முதல் வருஷத்தில் இப்படி ஏதாவது ஒன்று உடையும். வெளி ஆசிரியர் இதைச் செய்யத் தயங்குவார். மூன்று மாதம் பாட்டே கிடையாது என்றால் பெற்றோர் ஆளை மாற்றிவிடுவார்கள், இல்லையா?

அப்புறம், தனி வகுப்பு மட்டும் படிப்பில்லை. வாரம் ஒரு முறை அதே ஆசிரியரின் எல்லா மாணவர்களும் கூடி ஒருவர் முன் ஒருவர் வாசிக்க வேண்டும். பியானோக்காரரோடு ஒத்திகை, நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் குவார்ட்டெட், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் உண்டு. செமஸ்டர் முடிவில் மூன்று ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். கடைசி வருஷம் தனிக் கச்சேரி. வெளியில் காசு கொடுத்தால் ஆசிரியரின் நேரம் கிடைக்கும், இத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள்.

ரோசின் தூசி | செவ்வாய், காலை 7:20

நான் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். எல்ஆர்டி ரயிலில் முதுகில் செலோவோடு நின்றுகொண்டுதான் இதைத் தட்டுகிறேன். மஸ்ஜித் ஜாமெக்கில் ஏறியவர்கள் எல்லோரும் என்னை ஒரு முறை முறைத்தாகிவிட்டது.

அண்ணன் சொன்னது எல்லாம் ஒரே ஆசிரியர் கடைசி வரை இருந்தால்தான். எனக்கு இரண்டு வருஷத்தில் மூன்று ஆசிரியர்கள். எந்த இடம் என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் படிக்கிறேன். மூவருமே பகுதிநேரம். முதல் ஆசிரியர் வில்லைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் வளைந்து மேலே இருக்க வேண்டும் என்றார். இரண்டாமவர் சுண்டுவிரல் வெளியே தொங்கட்டும் என்றார். மூன்றாமவர் வந்து, உனக்கு இப்படியெல்லாம் பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தது என்றார். நடுவில் ஒரு செமஸ்டரில் 14 வகுப்புக்கு ஒன்பதுதான் நடந்தது. மீதி "பிறகு ஈடு செய்கிறேன்". இன்றைக்கும் செய்யவில்லை.

அங்கிள், கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கச்சேரி மண்டபத்தைப் பார்க்காதீர்கள். செலோவுக்கு யார், அவர் முழுநேரமா, போன மூன்று வருஷமாக அவரேதானா, வகுப்பு தவறினால் யார் பொறுப்பு, இதை மட்டும் கேளுங்கள். சேருவதற்கு முன் ஒரு சோதனை வகுப்பு கேட்டால் நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார்.

கிள்ளான் மச்சான் | செவ்வாய், காலை 9:05

எல்லாம் சரி பாஸ், சோறு போடுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

நாலாம் தந்தி | செவ்வாய், பிற்பகல் 1:15

சோறு போடும், நீங்கள் நினைக்கிற தட்டில் இல்லை.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில் 1998 ஆகஸ்ட் 17 அன்று மலேசிய பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா தன் முதல் கச்சேரியை நடத்தியது. பெர்பார்மன்ஸ் படிக்கிற எல்லோருக்கும் கண் அந்த மேடையில்தான். ஆனால் செலோ வரிசையில் இருக்கும் நாற்காலிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும், அந்த ஒரு நாற்காலிக்கு எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து ஆடிஷன் கொடுப்பார்கள். தேசிய அரங்கமான இஸ்தானா புடாயாவில் தேசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. அங்கும் இதே கதைதான்.

என் வாரத்தைச் சொல்கிறேன். செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை 22 பிள்ளைகள். சனிக்கிழமை இரவு ஹோட்டல் கல்யாணத்தில் குவார்ட்டெட், பெரும்பாலும் சீனக் கல்யாணம், இப்போது நம் ஆட்களும் வரவேற்புக்குக் கூப்பிடுகிறார்கள். ஆக, செராஸ் பாட்டியிடம் சொல்லுங்கள், எங்களுக்கும் முகூர்த்தம் உண்டு. எப்போதாவது ஸ்டூடியோ ஒலிப்பதிவு. முதல் இரண்டு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்த என் தம்பியைவிடக் குறைவாகத்தான் சம்பாதித்தேன். இப்போது இல்லை. ஆனால் சொக்சோ காப்பீடு, ஈபிஎஃப் சேமநிதி, மருத்துவ விடுப்பு எல்லாம் நானே பார்த்துக்கொள்ள வேண்டும். கை வலித்தால் சம்பளம் இல்லை. இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

செராஸ் அப்பா | செவ்வாய், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் காட்டினேன். கட்டைவிரல் கதையைப் படித்துவிட்டு, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கெங்கே இருக்கிறது, செலவு எப்படி?

நாலாம் தந்தி | செவ்வாய், இரவு 10:10

அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் செர்டாங்கில் யுபிஎம், ஷா ஆலமில் யுஐடிஎம், இங்கே கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் யுஎஸ்எம். எல்லாவற்றிலும் இசை உண்டு, ஆனால் வாசிப்புக்குக் கொடுக்கும் அழுத்தம் ஒரே அளவில் இருக்காது, பாடத்திட்டத்தை வரி வரியாகப் பாருங்கள். தனியாரில் யுசிஎஸ்ஐ உங்கள் செராஸிலேயே இருக்கிறது. பள்ளி ஆசிரியர் வழி என்றால் தஞ்சோங் மாலிமில் உப்சி. சிங்கப்பூரில் யோங் சியூ தோ கன்சர்வேட்டரி, 2003-ல் தொடங்கியது. அங்கே நுழைவது குதிரைக்கொம்பு, ஆனால் ஆடிஷன் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

கட்டணத்தில் அரசாங்கத்துக்கும் தனியாருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அரசாங்கம் என்றால் யுபியு என்ற பொது விண்ணப்பத்தோடு ஆடிஷனும் இருக்கும், மதிப்பெண் மட்டும் போதாது. தனியார் என்றால் அந்தப் படிப்புக்கு அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பசைச்சட்டி | புதன், காலை 8:40

யாரும் வாத்தியத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் செலோ, வயலின் பழுது பார்ப்பவன். ஐயா, மகளிடம் இருப்பது பத்து வயதில் வாங்கியது என்றால் அது சின்ன அளவாக இருக்கும், நடுவில் மாற்றியிருப்பீர்கள். இப்போது இருப்பது முழு அளவா, செதுக்கிய மரமா, இல்லை ஒட்டுப்பலகையா என்று பாருங்கள். ஒட்டுப்பலகையை வைத்துக்கொண்டு பட்டப்படிப்பு தாங்காது. கீழ்த்தந்தி வாயையே திறக்காது.

வில்லை மறந்துவிடாதீர்கள். செலோவுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, கூட இலவசமாகக் கொடுத்த வில்லோடு போகிற பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். தந்தி வேறு. மேல் இரண்டு லார்சன், கீழ் இரண்டு ஸ்பைரோகோர் என்பது பலரும் போடும் கூட்டு. போன மாதம் ஒருவருக்கு நாலையும் மாற்றினேன், ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது.

இன்னொன்று. காரில் வைத்துவிட்டு ரோத்தி சானாய் சாப்பிடப் போகாதீர்கள். செலோவை ஒட்டியிருப்பது தோல் பசை, சூட்டிலும் ஈரத்திலும் இளகும். அதை வேண்டுமென்றே அப்படித்தான் வைப்பார்கள், மரம் இழுக்கும்போது ஒட்டு விட்டுக்கொடுத்தால் பலகை பிளக்காது. ஒட்டு விட்டால் நான் அரை நாளில் ஒட்டிவிடுவேன். பலகை பிளந்தால் உங்கள் பணம் பிளக்கும். நம் ஊரில் வெளியே புழுக்கம், உள்ளே ஏர்கோன், மரம் ஒரு நாளைக்கு நாலு முறை உப்பி நாலு முறை சுருங்குகிறது. சாதகம் முடிந்ததும் வில்லின் முடியைத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் டீச்சர் | புதன், மாலை 6:25

செராஸ் அப்பா, எனக்கு அறுபத்து மூன்று வயது, தம்பி என்றே சொல்கிறேன். பினாங்கில் முப்பது வருஷமாகக் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். 112 மணி நேரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. என் குரு மணி பார்த்ததே இல்லை. வர்ணத்தில் ஓர் இடம் சரியாக வரவில்லை என்றால் அன்றைக்கு அந்த இடம்தான். காபி குடித்துவிட்டு வந்தாலும் அந்த இடம்தான். ஆக, தனி வகுப்பு ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது இல்லை.

என் அண்ணன் மகள் என்னிடம் ஆறு வருஷம் வயலின் கற்று, பிறகு செலோவுக்குப் போனாள். போன புதிதில் வந்து, "அத்தை, நாலு தந்தியும் சுருதிக் கணக்கில் கீழிருந்து 1 கட்டை, 5 கட்டை, 2 கட்டை, 6 கட்டை. ச எங்கே என்றே தெரியவில்லை" என்று அழுதாள். நம் வயலினில் ச, ப, ச, ப என்று வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி நிம்மதியாக வாசிப்போம். அங்கே நாற்காலி, கீழே இரும்புக் குச்சி, சுரத்தைப் படிக்க மூன்று விதமான கிளெஃப் குறி.

அவளுக்கு வந்த பெரிய சண்டை வழுக்குவதில்தான். நமக்கு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில்தான் ராகமே இருக்கிறது. அவள் கை பழக்கத்தில் எல்லா இடத்திலும் ஜாருவோடு போயிருக்கிறது. ஆசிரியர், "உன் விரல் ஏன் ஒவ்வொரு சுரத்துக்கும் கதவைத் தட்டிவிட்டு நுழைகிறது? நேராக உள்ளே போ" என்றாராம். என் பிழைப்பில் முப்பது வருஷத்தை அவர் ஒரு வரியில் துடைத்துப் போட்டுவிட்டார்! ஆனால் ஒரு வருஷம் கழித்து அவள் வீட்டுக்கு வந்து என் வயலினை எடுத்தபோது, அவள் பிடித்த பஞ்சமத்தைக் கேட்டு நான் சும்மா இருந்துவிட்டேன். முன்பு அவளிடம் அவ்வளவு சுத்தம் இருந்ததில்லை.

ரோசின் தூசி | புதன், இரவு 8:02

ஆன்ட்டி, உங்களுக்கு ஒரு விஷயம். பாக் எழுதிய ஆறு செலோ சூட்டுகளில், அதாவது நடன இசைத் தொகுப்புகளில், ஐந்தாவதற்கு மேல் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் கணக்கில் 6 கட்டை 5 கட்டையாகிறது. கீழிருந்து 1, 5, 2, 5.

பாயான் லெப்பாஸ் டீச்சர் | புதன், இரவு 8:31

அட! அந்த 2 கட்டையையும் 1 கட்டைக்கு இறக்கிவிட்டால் முழுசாக நம் வயலின்தான். பாக்கிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பாலுசுவாமி தீட்சிதர் வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து இருநூறு வருஷம் ஆகிறது. செலோவை அதற்குப் பிறகும் யாரும் அப்படித் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளவில்லை. வடக்கே சாஸ்கியா ராவ் என்று ஹாலந்தில் பிறந்த அம்மா, தரையில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி செலோவை மாற்றி, கூடுதல் தந்தி, தானாக அதிரும் துணைத்தந்திகள் எல்லாம் போட்டு ஹிந்துஸ்தானி வாசிக்கிறார். உங்கள் தலைமுறையில் யாராவது இங்கே செய்யலாமே?

நாலாம் தந்தி | புதன், இரவு 11:20

செய்யலாம் டீச்சர், முதலில் பட்டம் வாங்கட்டும்.

பாக் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன், தனி வகுப்பு எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த ஆறு சூட்டுகளுக்கும் பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பதில் முக்கியமானது அவர் மனைவி அன்னா மக்தலேனா படியெடுத்தது. அதில் வில்லை எந்தச் சுரத்தில் திருப்புவது, எத்தனை சுரத்தை ஒரே வில்லில் வாசிப்பது என்று காட்டும் வளைகோடுகள் ஒழுங்காகவே இல்லை. ஒரே மாதிரி இரண்டு இடம் வந்தால் ஒன்றில் மூன்று சுரத்துக்கு மேல் கோடு, இன்னொன்றில் இரண்டுக்கு மேல். அதனால் கடையில் கிடைக்கும் ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொரு மாதிரி.

எனக்கு முதல் சூட்டின் முதல் பக்கத்துக்கு நாலு வகுப்பு போனது. ஆசிரியர் எந்தப் பதிப்பையும் சரி என்று சொல்லவில்லை. "நீ ஏன் இங்கே திருப்பினாய்?" என்று கேட்பார். புத்தகத்தில் அப்படி இருக்கிறது என்றால் வாசிக்க விட மாட்டார். கீழே பேஸ், அதாவது அடிக்குரல், எந்தச் சுரத்தில் நகர்கிறது, இந்த வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது என்று நானே சொல்ல வேண்டும். சொன்னதற்கு ஏற்றபடி வில் போக வேண்டும். யூடியூபில் நூறு பேர் வாசிப்பதைக் கேட்கலாம், ஆனால் ஏன் என்று திருப்பிக் கேட்க அங்கே யாரும் இல்லை.

கிள்ளான் மச்சான் | வியாழன், காலை 9:11

இவ்வளவு படித்த பிறகு எனக்கே செலோ வேண்டும் போல இருக்கிறது. வயது நாற்பத்தாறு, விரல் உள்ளங்கையெல்லாம் டுரியான் வெட்டிய காய்ப்பு. பார்க்கலாம்.

செராஸ் அப்பா | சனி, இரவு 10:15 (இரண்டு வாரம் கழித்து)

சோதனை வகுப்புக்குப் போய் வந்தோம். ஆசிரியர் என்னையும் உள்ளே உட்கார விட்டார். மகள் பாக், ஹைடன் இரண்டையும் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் அரைப் பக்கம் கேட்டார். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, கீழ்த்தந்தியை மட்டும், விரல் வைக்காமல், இழுக்கச் சொன்னார். இருபது நிமிடம் அது ஒன்றுதான். நான் கைப்பேசியில் மணி பார்த்தேன், ஒளிக்கவில்லை.

முதலில் எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அந்தத் தடித்த தந்தி நொடிக்கு 65 முறைதான் ஆடுமாம், எழுப்ப நேரமெடுக்கும் என்றார். வில்லை, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக, எடை போட்டு இழுக்கச் சொன்னார். கொரகொரவென்று வந்தது. மேலே நகர்த்தினால் காற்று மாதிரி ஒன்றுமில்லாமல் போனது. தொடங்கும் கணத்தில் வில்முடி தந்தியைக் கவ்வ வேண்டும், கவ்விய பிறகு விட வேண்டும் என்று அவள் முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். பதினைந்தாவது நிமிடம் இருக்கும், ஒரு முறை அறைக் கதவே அதிர்ந்தது. என் நாற்காலியிலும் அது ஏறியது. எட்டு வருஷமாக வீட்டில் கேட்கிறேன், அந்த வாத்தியத்துக்குள் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்து கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். முழுநேரம், ஆறு வருஷமாக அதே இடம், தவறிய வகுப்பை அந்த செமஸ்டருக்குள் முடித்துக்கொடுப்பார். ஆடிஷனுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. மாமியாரிடம் முகூர்த்தக் கணக்கைச் சொன்னேன், "ஹோட்டலிலா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஒரு சில்லறைச் சந்தேகம். காலையிலிருந்து இரவு வரை அந்த ஒரே தந்தியை இழுக்கிறாள். வீட்டில் எல்லா அறையும் டைல்ஸ். கீழே இருக்கும் இரும்புக் குச்சி வழுக்கிக்கொண்டே போகிறது, ரப்பர் போட்டும் நிற்கவில்லை. கடையில் ஏதாவது விற்கிறதா?

பசைச்சட்டி | சனி, இரவு 10:40

விற்கிறது, வாங்க வேண்டாம். ஒரு பழைய தோல் பெல்ட் போதும். கொக்கியில் நுழைத்து வளையமாக்கி நாற்காலியின் முன்காலில் மாட்டி, மறுமுனையில் இருக்கும் ஓட்டையில் குச்சியின் நுனியை ஊன்றச் சொல்லுங்கள். அசையாது.

செராஸ் அப்பா | சனி, இரவு 10:52

போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே மாட்டி வைத்திருக்கிறாள், குச்சியைத்தான் ஓட்டையில் விடத் தெரியவில்லை. வியாழக்கிழமையிலிருந்து நான் தேடிக்கொண்டிருக்கும் பெல்ட் அதுதான்.